வசந்தி வேண்டிக்கொண்டாள், நான் தூக்கினேன்

1

என் நெஞ்சுக்குள் இருக்கும் இரண்டு ஸ்டென்ட்களுக்கும் சென்ற டிசம்பரில் ஒரு வயது நிறைந்தது. அதைக் கொண்டாட என் மனைவி வசந்தி பாயசம் வைத்தாள். பைராம் தோட்டத்திலிருந்து அவள் தம்பி குமார் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இரண்டு கிண்ணம் முடித்து மூன்றாவதற்கு நீட்டும்போதுதான் கேட்டான்.

"அப்புறம் மச்சான், விரதம் எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"என்ன விரதம்?"

அடுப்படியில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. குமார் கிண்ணத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், "வேலை இருக்கு, நான் கெளம்புறேன்" என்றான். அன்று ஞாயிற்றுக்கிழமை.

விஷயம் இதுதான். எனக்கு அடைப்பு எடுத்த அன்று, நான் பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வசந்தி வேண்டிக்கொண்டிருக்கிறாள். யார் எடுப்பதாக? நான் எடுப்பதாக. என்னைக் கேட்கவில்லை. அதற்கடுத்து வந்த தைப்பூசத்துக்கு எனக்கு உடம்பு தேறவில்லை என்று முருகனிடம் ஒரு வருடம் தவணையும் வாங்கியிருக்கிறாள். தோட்டத்தில் இருக்கும் அவளுடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். குடத்தைத் தூக்க வேண்டியவனுக்கு மட்டும் தெரியாது.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, "இதுக்கென்ன இவ்வளவு பேச்சு, தூக்கிட்டுப் போறதுதானே" என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பௌத்தன்.

2

பௌத்தன் என்றதும் காவித்துணி, ஊதுபத்தி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான் பயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் சூப்பர்வைசர். எங்கள் பௌத்தத்தில் கடவுள் இல்லை, சொர்க்கம் இல்லை, மறுபிறவி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மனிதன் மனிதனோடு ஒழுங்காக வாழ்வது எப்படி என்பது மட்டும்தான் கேள்வி.

இது எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பெரம்பூரில் ரயில்வே பட்டறை ஃபிட்டர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு புத்தர் படம் உண்டு. அதற்கும் பூ கிடையாது, விளக்குக் கிடையாது. "அவரு சாமி இல்லடா, யோசிச்ச மனுஷன்" என்பார். ஞாயிறு மாலை பட்டறை நண்பர்கள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் வாழ்வது எப்படி என்று தொண்டை கிழியக் கோபமாக விவாதிப்பார்கள்.

பினாங்குக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இங்கே புத்தர் கோயிலுக்குப் பஞ்சமில்லை. படுத்த புத்தர், நின்ற புத்தர், தங்கப் புத்தர் எல்லாரும் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது உட்கார்ந்து பேச நாலு பேர். தேடியதில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையின் மாடியிலேயே கிடைத்தார்கள். புதன்கிழமை மாலைதோறும் எட்டுப் பேர் கூடுகிறோம். நாற்பது நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்போம். கீழே அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது சைலன்சரைச் சோதிப்பான். பிறகு கடுங்காப்பி, கறிபாப் எனும் மசாலா பஃப், அந்த வாரம் யார் யாரிடம் எரிந்து விழுந்தோம் என்ற ஒப்புதல்.

அந்த மாடியில் நான் ஒருவன்தான் தமிழன். தலைமை என்று யாரும் இல்லை என்போம். ஆனால் தலைவர் லிம்தான். எழுபது வயது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாத்தியாருக்கு மலாயில் 'சிக்கு' என்று பெயர், ஆகவே அவர் எல்லாருக்கும் சிக்கு. பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்து. இங்கே தமிழில் தருகிறேன். "இந்தப் பிறவியையே ஒழுங்கா நடத்தத் தெரியல, அடுத்த பிறவியப் பத்தி என்ன பேச்சு?" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

நெஞ்சு வலித்தபோதுகூட நான் கொள்கையை விட்டவன் இல்லை. மருத்துவமனைக் கவுண்டரில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். இருபது வருட மலாயை ஒன்று திரட்டி, "சாயா சாகிட் ஹாத்தி" என்றேன். அப்படியென்றால் மனம் புண்பட்டிருக்கிறது என்று பொருள். கவுண்டரில் இருந்த பெண் கனிவாக, "யார் மேல?" என்று கேட்டாள். வசந்திதான் இடையில் புகுந்து இதயம் என்று திருத்தினாள்.

அடுத்தது படிவம். நிரந்தரவாசிக்குத் தரும் என் சிவப்பு அட்டையைப் பார்த்து, பெயரைப் பார்த்து, மதம் என்ற இடத்தில் அந்தப் பெண் தானாகவே 'இந்து' என்று தட்டினாள்.

"இல்லை, புத்தம்."

என்னைப் பார்த்தாள். வசந்தியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். "நீங்க இந்தியர்தானே?"

"இந்தியர்தான். புத்தரும் இந்தியர்தான்."

வசந்தி என் இடுப்பில் கிள்ளினாள். "எதையாச்சும் எழுதிட்டுப் போறாங்க, மொதல்ல உள்ள வாங்க." நான் வியர்த்துக்கொண்டே நின்று, திருத்திய பிறகுதான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் பலன் அங்கே படுத்திருந்த மூன்று நாளும் தெரிந்தது. புத்தம் என்றால் சைவம் என்று முடிவு செய்து, வேளைக்கு வேளை உப்பில்லாத தோஃபு வந்தது. கொள்கைக்காகத் துன்பப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

3

குமார் ஓடிப்போன அந்த ஞாயிறு, நானும் வசந்தியும் நேருக்கு நேர் உட்கார்ந்தோம்.

"நான் நம்பாததை எப்படிம்மா செய்யறது? அது பொய் இல்லையா?"

"முருகனுக்கு நீங்க நம்பணும்னு ஒண்ணும் அவசியம் இல்ல லா. பால் சிந்தாம வந்தா போதும்."

இத்தனை வருடப் புதன்கிழமைகளில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. வேறு வழியில் போனேன். "என்னைப் பிழைக்க வைத்தது டாக்டர்."

"டாக்டருக்குத்தான் தீபாவளிக்கு ஹேம்பர் கூடை கொடுத்தாச்சே. முருகனுக்கு இன்னும் ஒண்ணும் கொடுக்கல."

"முடியாது வசந்தி. என்னால முடியாது."

அவள் வாதாடவில்லை. கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீங்க தூக்க வேணாம். நான் தூக்கறேன்" என்றாள்.

வசந்திக்கு முழங்கால் தேய்மானம். ஒரே ஒரு மாடிக்கும் லிஃப்ட்தான். லிஃப்ட் கெட்டுப்போன நாட்களில் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர்மலைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். ஆனால் அவள் விளையாடவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வருடமாக நான் குளியலறையில் ஐந்து நிமிடம் அதிகம் இருந்தால் வந்து கதவைத் தட்டுகிறவள் அவள். தொழிற்சாலைக்குப் போன் செய்து, "சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்தப் பால் மலையேறாதவரை என் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தாள். ஒன்பது வயதில் எனக்கு டைஃபாய்டு. பிழைத்தால் மகனுக்கு முடியிறக்குவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். அப்பா ஒரே வார்த்தையில் கூடாது என்றார். அம்மாவும் சரி என்றாள். சில நாள் கழித்து நான் பள்ளியிலிருந்து வந்தபோது, அம்மா தலையில் முக்காட்டோடு கதவைத் திறந்தாள். என் முடிக்குப் பதிலாக அவள் முடியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இடுப்புவரை இருந்த முடி.

அந்த ஞாயிறும் நண்பர்கள் வந்தார்கள். அன்று பெண்ணுரிமை பற்றிப் பேச்சு. அப்பா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அம்மா முக்காட்டோடு டீ கொண்டுவந்து வைத்தாள். அப்பா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். பிறகு ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அது கோபம் என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். அவர் வயதுக்கு நான் வந்த பிறகுதான் அது வெட்கம் என்று புரிகிறது.

கொள்கை என்னுடையது, முழங்கால் அவளுடையது. இது எந்த ஊர் நியாயம்?

"சரி, நானே தூக்கறேன்" என்றேன்.

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே மூச்சில், "அப்ப தைப்பூசம் முடியற வரைக்கும் மட்டன் கெடையாது" என்றாள்.

4

கடைசி நம்பிக்கையாக இதய மருத்துவரைப் பார்த்தேன். படியேறக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் பிரச்சினை கௌரவமாகத் தீர்ந்துவிடும். அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "தாராளமா ஏறுங்க, மெதுவா. நல்ல உடற்பயிற்சி" என்றார். அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்குச் சொன்னேன். அவன் வீட்டுக்கு அனுப்பும் செய்திகள் பாதி மலாய், பாதி ஆங்கிலம், மீதி பொம்மை முகங்கள். "அப்பா, யூ ஆர் ஸோ கன்ஃப்யூஸ்ட் லா" என்று எழுதி, மூன்று பால் பாட்டில் பொம்மைகளைப் போட்டிருந்தான். பதிலுக்கு நான் தமிழில் நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். அதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

விரதம் நாற்பத்தெட்டு நாள். வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் என்னைக் கண்டதும் மட்டன் குழம்புப் பக்கம் கரண்டியைக் கொண்டுபோகிறவர். வெறும் வெண்டைக்காயும் ரசமும் போதும் என்றதும் கரண்டி நின்றது. "என்னண்ணே, வீட்ல ஏதும் துக்கமா?" என்று கேட்டார்.

உண்மையான சண்டை மாடியில்தான் நடந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிக்கு கறிபாப்பைக் கீழே வைத்தார்.

"ஒரு சிலைக்குப் பால் தூக்கப்போறியா? நீயா?"

"சிலைக்கு இல்ல சிக்கு. வசந்திக்கு."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. இன்னிக்குப் பால், நாளைக்குத் தாயத்து, அப்புறம் லாட்டரி நம்பர். பயத்துக்கு ஒரு தடவை சாப்பாடு போட்டா அது தினமும் வாசல்ல வந்து நிக்கும். அவளுக்குப் பயம்னா உக்காரவச்சுப் பேசு. விளக்கிச் சொல்லு."

பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். எதிரில் இருப்பவரின் துன்பத்தைக் குறைப்பதுதானே நம் வேலை என்றார் ஒருவர். நம்பாமல் செய்வது நடிப்பு என்றார் இன்னொருவர். சிக்கு கடைசியாக, "உன் டாக்டர் சொல்லி நீ மட்டன விடல. இத்தனை வருஷம் புத்தர் பேச்சக் கேட்டும் விடல. அக்கா சொன்ன மறுநாள் விட்டுட்டே. யாரோட மதத்துல இருக்கேன்னு நீயே யோசிச்சுக்க" என்றார். வசந்தியைவிட அவருக்குப் பதினைந்து வயது அதிகம். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான்.

5

தைப்பூசத்தன்று விடியும்போதே மஞ்சள் வேட்டியில் நின்றேன். வாய் கட்டிய பித்தளைக் குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். கோயில் போய்ச் சேரும்வரை கீழே இறக்கக் கூடாது என்றார்கள். ஒரு குடம் பால் என்ன பெரிய கனம் என்று நினைத்திருந்தேன். கனம் பாலில் இல்லை. தூக்கிப் பிடித்த கைகளில்தான்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. இதை நடைத் தியானமாகச் செய்துவிடுவது. இடது கால், வலது கால், மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. நூறு அடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், பந்தலுக்கு ஒரு ஒலிபெருக்கி, ஒலிபெருக்கிக்கு ஒரு பாட்டு. என் கால்கள் எனக்குத் தெரியாமலேயே மேளத்துக்கு நடந்தன. வெயில் ஏறத் தார்ச்சாலை கொதித்தது. எனக்கு முன்னால் குமார் தண்ணீர் பாட்டில்களோடு, "மச்சானுக்கு வழி விடுங்க, ஹார்ட் பேஷன்ட்" என்று கத்திக்கொண்டே போனான். உண்மையிலேயே வழிவிட்டார்கள்.

வசந்தியைக் கீழேயே இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். இருநூறாவது படி வாக்கில் முழங்கால் மடங்க மறுத்து, ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்க. நிக்காதீங்க. பால் மேல போவணும்."

குமார் எங்கோ முன்னால் போய்விட்டான். நான் குடத்தை இறக்காமல், தூண்போல் நிமிர்ந்தபடியே மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் அவள் முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வேண்டிக்கிட்டேன்னு நீங்க கேக்கவே இல்லயே."

"பயத்துல வேண்டியிருப்ப."

"பயந்தான். உங்கள உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. கதவு மூடிக்கிச்சு. மகனுக்குப் போன் அடிச்சேன், மீட்டிங்ல இருந்தான். குமாருக்கு அடிச்சேன், ஷிஃப்ட்ல இருந்தான், போன் லாக்கர்ல. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. எனக்கு எதுன்னாலும் உங்ககிட்டதான் பேசுவேன். நீங்கதான் உள்ள இருக்கீங்களே, நான் யாருகிட்ட பேசறது? அவருகிட்ட பேசினேன்."

"என்ன பேசின?"

"எல்லாந்தான். நீங்க ரைஸ் குக்கர் சுவிட்ச்ச போட மறக்கறது, மகன் தமிழ்ல பேசாதது, என் முட்டிவலி. ரெண்டு மணி நேரம். அவ்ளோ நேரம் பொறுமையா கேட்டவர வெறுங்கையோட அனுப்ப முடியுமா? அதான் பால்குடம்னு சொல்லிட்டேன்."

குடம் ஆடியது. சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

வேண்டுதல் என்றால் கடவுளோடு பேரம் பேசுவது என்றுதான் நானும் என் அப்பாவும் நினைத்திருந்தோம். ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள், பேச ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். எனக்கு அடைப்பு எடுத்தது ஒரு புதன்கிழமை மாலை. வர முடியாது என்று நான் அனுப்பிய செய்தியைப் பார்த்து, அதே நேரத்தில் பட்டறை மாடியில் ஏழு பேர் நான் நலம்பெற நாற்பது நிமிடம் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அதை நான் வசந்தியிடமே எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மருத்துவமனை அங்கிருந்து பத்து நிமிடம். ஒருவருக்கும் கிளம்பிப்போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை. வேறு யாருக்காவது நடந்திருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது. எல்லா உயிர்களும் இன்புற்றிருக்கட்டும் என்று கண்ணை மூடி நினைத்துவிட்டு, கறிபாப் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பால் கெட்டுப்போயிடும், எந்திரிங்க" என்றாள் வசந்தி. என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்தாள். மிச்சப் படிகளை அப்படியேதான் ஏறினோம். எவ்வளவு நேரம் ஆனது என்று குமாரைத்தான் கேட்க வேண்டும். எங்களைக் காணாமல் மேலே நின்று அழுதுகொண்டிருந்தான்.

மேலே எனக்குத் தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. காலில் இரண்டு கொப்புளம் கிடைத்தது. அவ்வளவு தூரம் சுமந்த பாலை அரை நிமிடத்தில் ஊற்றிவிட்டார்கள். மறுநாள் காலை குளியலறையில் வேண்டுமென்றே இருபது நிமிடம் இருந்து பார்த்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தால் வசந்தி தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் வேலைக்குப் போகலயா?" என்றாள்.

6

மார்ச்சில் சிக்குவின் மனைவிக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. மாடியில் அதை அவர் கணக்குப் பாடம்போலச் சொன்னார். "அடுத்த புதன் சாயங்காலம் ஆபரேஷன். நான் வரமாட்டேன். நீங்க வழக்கம்போல உக்காருங்க, அவளையும் நினைச்சுக்கங்க." எல்லாரும் தலையசைத்தார்கள்.

"இங்க வேண்டாம். அங்க போய் உக்காருவோம்" என்றேன்.

போனோம். வசந்தி பிளாஸ்க்கில் காப்பியும் ஒரு டப்பா நிறைய பலகாரமும் கொண்டுவந்தாள். சிக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் வேறொன்றும் தெரியாது. வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டோம். ஒரு நர்ஸ் வந்து, இறந்தவர் யார் என்று தணிந்த குரலில் விசாரித்தாள்.

வசந்தியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சிக்கு, கண்ணத் தெறங்க. வீட்ல அவங்க என்ன நல்லா சமைப்பாங்க?" என்று மலாயில் கேட்டாள்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "மீன் குழம்பு. ஆனா புளி ஜாஸ்தி."

"நீங்க சொல்றதில்லயா?"

"நாப்பது வருஷமா சொல்றேன். கேட்டாத்தானே? இன்னிக்குக் காலையில..." வசந்தி காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் அந்த அம்மா, அவருக்கு மூன்று நாளைக்கு மீன் குழம்பு வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் அப்போதும் புளி ஜாஸ்தி என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். பிறகு நிறுத்தவே இல்லை. கல்யாணத்தன்று மழை பெய்தது, முதல் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் விழுந்தது, அவர் கொடுத்த வீட்டுப்பாடத்தை எல்லாம் அந்த அம்மா ரகசியமாகத் திருத்தியது. நர்ஸ் இரண்டு தடவை வந்து அதட்டினாள்.

கதவு திறந்து மருத்துவர் வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்றபோது, சிக்கு எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வசந்தியைத்தான் பார்த்தார்.

"அக்கா, நீங்க வேண்டிக்கிட்டீங்களா?"

"ஆமா."

"என்ன தர்றதா?"

"பால்குடம்."

சிக்குவுக்கு நிம்மதி. "நல்லது. உங்க வீட்டுக்காரருக்குத்தான் இப்ப பழக்கம் ஆயிடுச்சே."

"அவரு எதுக்கு? ஆபரேஷன் உங்க வீட்டம்மாவுக்குத்தானே? நீங்கதான் தூக்கணும்."

சிக்கு உதவிக்கு என் பக்கம் திரும்பினார். நான் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அவர் இதுவரை சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை தியானம் முடிந்து எல்லாரும் கறிபாப் சாப்பிடும்போது, அவர் மட்டும் பட்டறையின் மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்குகிறார். முழங்காலுக்கு நல்லதாம்.